மேக்ரோ எடுக்க முதலில் வேண்டியது எது?

கேள்வி இது: “என்னிடம் ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா, அதோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸ், பிறகு வாங்கிய 50 மி.மீ. லென்ஸ் ஆகியவை இருக்கின்றன. பூச்சிகளை மிக நெருக்கத்தில் எடுக்க ஆசை. மேக்ரோ லென்ஸ் வாங்கியே ஆக வேண்டுமா? இருப்பதை வைத்து முயன்றால் எல்லாமே மங்கலாக வருகிறது. எங்கே தவறு செய்கிறேன்?”

மேக்ரோ லென்ஸை இப்போது வாங்காதீர்கள். ஒரு சாதாரண ஃபிளாஷும், லென்ஸைக் கேமராவிலிருந்து தள்ளி நிறுத்தும் ஒரு செட் எக்ஸ்டென்ஷன் டியூபும் போதும். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் ஃபிளாஷை வாங்குங்கள். இந்தப் பதிலைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. லென்ஸைப் பற்றிக் கேட்டால் விளக்கைப் பற்றிச் சொல்கிறானே என்பார்கள். ஆனால் உங்கள் படங்கள் மங்கலாக வருவதற்கும் லென்ஸுக்கும் பெரிய தொடர்பு இல்லை.

முதலில் “எவ்வளவு பெரிதாக” என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 1:1 என்றால், பொருள் எந்த அளவோ அதே அளவில் அதன் பிம்பம் சென்சாரில் விழுகிறது. உங்கள் ஏபிஎஸ்-சி அளவுச் சென்சாரின் அகலம் ஏறக்குறைய 23 மி.மீ. ஆகவே 1:1-இல் 23 மி.மீ. அகலமுள்ள உலகம் படத்தின் ஓரத்திலிருந்து ஓரம்வரை நிறையும். உங்கள் 18-55 லென்ஸ் 55-இல் வைத்து முடிந்த மட்டும் நெருங்கினால் அதில் மூன்றில் ஒரு பங்கைத் தொடும். 50 மி.மீ. லென்ஸ் அந்த அளவுகூட நெருங்காது. ஆறில் ஒரு பங்குதான். பட்டாம்பூச்சிக்கும் தும்பிக்கும் முதலாவது போதும். எறும்புக்கும் சிலந்திக்கும் போதாது.

ஏட்டுக் கணக்கில் நம்பிக்கை வராதவர்களுக்கு ஒரு சோதனை. மில்லிமீட்டர் கோடு போட்ட அடிக்கோல் ஒன்றை எடுத்து, லென்ஸ் நெருங்கக்கூடிய கடைசித் தொலைவில் வைத்து ஒரு படம் எடுங்கள். படத்தின் அகலத்தில் எத்தனை மில்லிமீட்டர் தெரிகிறது என்று எண்ணி, சென்சாரின் அகலத்தை அந்த எண்ணால் வகுங்கள். அதுதான் உருப்பெருக்கம். பிறகு அதே அடிக்கோலைச் சாய்த்து வைத்து இன்னொரு படம் எடுங்கள். இரண்டு மூன்று கோடுகள் மட்டும் கூர்மையாக இருக்கும். முன்னும் பின்னும் உள்ளவை கரைந்து போயிருக்கும். அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள், ஏனென்றால் உங்கள் கேள்வியின் பாதி விடை அதில்தான் இருக்கிறது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். மேக்ரோவில் ஆழமே இல்லை என்பதுதான் சிக்கல். 1:1-இல் லென்ஸின் துளையை, அதாவது அபர்ச்சரை, எஃப் 8-இல் வைத்து எடுத்தால் (எண் கூடினால் துளை சுருங்கும்), உங்கள் சென்சாரில் தெளிவாக விழும் பகுதியின் ஆழம் ஏறக்குறைய 0.6 மி.மீ. இதைப் புல ஆழம் என்கிறோம். ஒன்றரை மடங்கு பெருக்கத்துக்குப் போய், எஃப் 11-க்குச் சுருக்கினாலும் அரை மில்லிமீட்டர்தான் கிடைக்கும். ஒரு சின்னச் சிலந்தியின் உடல் 6 மி.மீ. இருக்கும். அதில் அரை மில்லிமீட்டர் என்பது கண்ணுக்கும் கண்ணைச் சுற்றிய ரோமத்துக்கும் சரியாகப் போய்விடும்.

அப்படியானால் எஃப் 22, எஃப் 32 என்று சுருக்கிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். நானும் ஒரு மழைக்காலம் முழுக்க அப்படித்தான் எடுத்தேன். எல்லாப் படங்களும் ஈரத்துணியால் மூடியது போல ஒரே சீராக மழுங்கியிருந்தன. காரணம், நெருங்க நெருங்க லென்ஸின் அபர்ச்சர் எண் நாம் வைத்த எண்ணாக நிற்பதில்லை. வைத்த எண்ணை, பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் பெருக்க வேண்டும். 1:1-இல் எஃப் 11 என்பது உண்மையில் எஃப் 22 போல நடந்துகொள்ளும். எஃப் 22 வைத்தால் எஃப் 44. அவ்வளவு சிறிய துளை வழியே போகும் ஒளி விளிம்பில் வளைந்து பரவி, நுண்விவரங்களை அழித்துவிடும். எனவே எஃப் 8 முதல் எஃப் 11 வரை நில்லுங்கள். பெருக்கம் இரண்டு மடங்கைத் தாண்டினால் எஃப் 8-க்கும் கீழே வாருங்கள்.

இந்தக் கணக்கின் மறுபக்கம் வெளிச்சம். 1:1-இல் இரண்டு ஸ்டாப் ஒளி, அதாவது நான்கில் மூன்று பங்கு, வழியிலேயே காணாமல் போகிறது. அதோடு அபர்ச்சரையும் சுருக்கியிருக்கிறீர்கள். மரநிழலில் இருக்கும் ஒரு பூச்சிக்கு மிச்சமிருக்கும் வெளிச்சத்தில் ஷட்டர் வேகம் 1/15, 1/30 என்று இறங்கிவிடும். கையில் பிடித்து எடுப்பவருக்கு அது தற்கொலை.

மங்கலுக்கான இரண்டாவது காரணம் இதுதான்: அசைவு. பொருளைப் பெரிதாக்கும் லென்ஸ் உங்கள் கை நடுக்கத்தையும் அதே அளவுக்குப் பெரிதாக்குகிறது. குனிந்து நிற்கும்போது உடல் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் ஆடுவதாக வைத்துக்கொள்வோம். அது அதிகம் இல்லை. 1/200 நொடியில் 0.05 மி.மீ. நகர்ந்திருப்பீர்கள். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் ஏறக்குறைய 0.004 மி.மீ. ஆக, 1:1-இல் ஒவ்வொரு புள்ளியும் பன்னிரண்டு பிக்சலுக்கு இழுபட்டுவிடுகிறது. சாதாரணப் படங்களுக்கு “பாதுகாப்பான” 1/200 இங்கே ஒன்றுக்கும் உதவாது. லென்ஸில் இருக்கும் நடுக்கம் தாங்கும் வசதியும் இவ்வளவு நெருக்கத்தில் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. தவிர, காற்றில் ஆடுவது இலையென்றால் அந்த வசதியால் என்ன செய்ய முடியும்?

ஃபிளாஷ் இங்கேதான் வருகிறது. முழுத் திறனில் அது ஏறக்குறைய 1/1000 நொடி எரியும். திறனைக் குறைத்தால் மங்கலாக எரியும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது குறைந்த நேரம் எரிகிறது. 1/16 திறனில் பெரும்பாலான ஃபிளாஷ்கள் 1/10,000 நொடியை ஒட்டி அணைந்துவிடும். அந்த நேரத்துக்குள் நீங்கள் ஆடியது 0.001 மி.மீ., ஒரு பிக்சலில் கால்வாசி. ஷட்டர் 1/200 நொடி திறந்திருந்தாலும் இருட்டில் மின்னல் வெட்டியது போல அந்த ஒரு கணம் மட்டுமே படத்தில் பதியும். கை நடுக்கம், காற்று, எறும்பின் ஓட்டம் எல்லாம் ஒரே அடியில் அடங்கிவிடும். ஒரு நிபந்தனை: சுற்றியுள்ள வெளிச்சம் படத்தில் பங்கு கேட்கக் கூடாது.

கேமராவை மேனுவலில் வையுங்கள்: 1/200 நொடி, எஃப் 11, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 200. ஃபிளாஷை அணைத்துவிட்டு நிழலில் ஒரு படம் எடுங்கள். படம் கறுப்பாக வந்தால் சரி. இனி வெளிச்சம் முழுக்க உங்கள் கையில். ஃபிளாஷையும் மேனுவலில் 1/16-இல் வைத்து எடுத்துப் பார்த்து, போதாவிட்டால் 1/8, அதிகமானால் 1/32 என்று மாற்றிக்கொள்ளுங்கள். கொளுத்தும் வெயிலில் இந்தச் சோதனை தோற்கும்; ஃபிளாஷ் பதித்த கூர்மையான உருவத்தோடு வெயில் பதித்த கலங்கல் உருவமும் ஒட்டிக்கொண்டு வரும். நிழலைத் தேடிப் போங்கள், அல்லது உங்கள் உடலாலேயே நிழல் கொடுங்கள்.

வெறும் ஃபிளாஷை நேராக அடித்தால் படம் பார்க்கச் சகிக்காது. வண்டின் முதுகு முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளபளக்கும். வெள்ளைத் திட்டுகளும் கறுப்பு நிழலும்தான் மிஞ்சும். ஒளியை மென்மையாக்குவது அது வரும் பரப்பின் அளவு. பொருளுக்கு அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதே கணக்கு. ஃபிளாஷின் முகம் ஒரு தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. அதற்கு முன்னால் 20 செ.மீ. அகலத்தில் ஒரு வெள்ளைத் தாளை வளைத்து, லென்ஸின் முனைக்கு மேலே நீட்டி வைத்தால், கீழே இருக்கும் பூச்சிக்கு அது மேகம் மூடிய வானம். டிரேசிங் பேப்பர் போதும். பார்சலில் பொருள்களைச் சுற்றிவரும் மெல்லிய வெள்ளை ஃபோம் இன்னும் நல்லது. ஃபிளாஷின் முகத்துக்கும் தாளுக்கும் நடுவே நாலைந்து விரல் இடைவெளி விடுங்கள்; ஒட்டி வைத்தால் ஒளி பரவாமல் நடுவில் மட்டும் குவியும். ஒளியைப் பரப்பும் இந்த மறைப்புக்கு டிஃப்யூசர் என்று பெயர்; நான் இதுவரை பதினைந்தாவது செய்திருப்பேன். எல்லாமே அட்டை, பசை நாடா, ரப்பர் வளையம்தான். விலைகொடுத்து வாங்கிய ஒன்று அலமாரியில் தூங்குகிறது.

டிஃப்யூசர் எப்படி வேலை செய்கிறது என்பதை அறிய ஒரு நல்ல ஆசிரியர் இருக்கிறது: குதிக்கும் சிலந்தி. சுவரிலும் இலையிலும் வலை பின்னாமல் திரியும் சின்னச் சிலந்தி அது. 6,000-க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட, சிலந்திகளிலேயே மிகப் பெரிய குடும்பம். உங்கள் சுவரிலும் ஒன்று இருக்கும். மற்ற பூச்சிகள் லென்ஸைக் கண்டால் ஓடும். இது நின்று, உடலைச் சட்டென்று உங்கள் பக்கம் திருப்பி, நிமிர்ந்து பார்க்கும். எட்டுக் கண்களில் முன்னால் இருக்கும் இரண்டும் மணி போல உருண்டு பெரிதாக இருக்கும். அவற்றின் லென்ஸ் அசையாது. உள்ளே குழாயின் முனையில் இருக்கும் விழித்திரைதான் அங்குமிங்கும் நகரும். அதனால் வெளிர் நிறச் சிலந்திகளில் ஒரு படத்தில் கறுப்பாக இருக்கும் கண் அடுத்த படத்தில் பழுப்பாக இருப்பதைக் காணலாம். இப்போது படத்தைப் பெரிதாக்கி அந்தக் கறுப்புக் கண்ணுக்குள் பாருங்கள். உங்கள் டிஃப்யூசர் அப்படியே தெரியும். வெறும் ஃபிளாஷ் என்றால் ஊசிமுனை போல ஒரு வெள்ளைப் புள்ளி. நடுவில் மட்டும் ஒளி குவிந்திருந்தால் அந்தக் குவிப்பும், ஓரம் இருண்டிருந்தால் அந்த இருளும். தாளின் மடிப்புகூடத் தெரியும். விளிம்புவரை ஒரே சீராக வெளுத்த, ஜன்னல் போன்ற பிம்பம் வரும்வரை டிஃப்யூசரைத் திருத்திக்கொண்டே இருங்கள்.

இனி டியூப். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாய் அது. உள்ளே கண்ணாடி கிடையாது. டியூபின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் எவ்வளவு பெருக்கம் கூடும் என்று தெரியும். 12, 20, 36 மி.மீ. என்று மூன்று டியூப்கள் ஒரு செட்டாக வரும். மூன்றையும் அடுக்கி உங்கள் 50 மி.மீ. லென்ஸை மாட்டினால் 68-ஐ 50-ஆல் வகுத்து 1.36, லென்ஸின் சொந்த நெருக்கத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 18-55 லென்ஸில் இதை முயலும்போது 55 பக்கமே வையுங்கள். 18-இல் வைத்தால் ஃபோகஸ் விழும் இடம் லென்ஸின் முன்கண்ணாடிக்கே வந்துவிடும். பூச்சியை லென்ஸுக்கு உள்ளே விட்டால்தான் எடுக்க முடியும்.

மின் இணைப்புப் புள்ளிகள் உள்ள டியூபாகப் பார்த்து வாங்குங்கள். நான் முதலில் வாங்கியது அது இல்லாதது. மலிவாகக் கிடைத்ததே காரணம். கேமராவோடு பேச முடியாத லென்ஸ், தயாரிப்பைப் பொறுத்து, முழுக்கத் திறந்தே நிற்கும் அல்லது முழுக்க மூடியே நிற்கும். என்னுடையது எஃப் 1.8-இல் திறந்து நின்றது. புல ஆழம் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. நாற்பது படங்களில் ஒன்றே ஒன்றில், ஓர் எறும்பின் முன்னங்கால் ரோமங்கள் மட்டும் அற்புதமாக வந்திருந்தன. எறும்பு எங்கே இருந்தது என்று தெரியவில்லை. அபர்ச்சர் வளையம் லென்ஸிலேயே உள்ள பழைய லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ரிவர்ஸ் ரிங் போட்டு லென்ஸைத் தலைகீழாக மாட்டும் வழியும் உண்டு. 50 மி.மீ. லென்ஸைத் திருப்பினால் ஏறக்குறைய 1:1, 28 மி.மீ. லென்ஸைத் திருப்பினால் இரண்டு மடங்குக்கு மேல். தரம் ஆச்சரியப்படுத்தும். ஆனால் லென்ஸின் பின்கண்ணாடி தூசுக்கும் முள்ளுக்கும் முகம் காட்டிக்கொண்டிருக்கும், அபர்ச்சர் பிரச்சினையும் திரும்ப வரும். தொடக்கத்தில் வேண்டாம். 70-200 போன்ற நீளமான லென்ஸ் இருந்தால் அதன் முன்னால் திருகும் குளோஸ்அப் லென்ஸ் நல்ல தேர்வு. ரேனாக்ஸ் டிசிஆர்-250 போன்ற ஒன்றின் குவியத் தூரம் 125 மி.மீ.; 200-இல் வைத்தால் 1.6 மடங்கு. உங்களிடம் அந்த லென்ஸ் இல்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

எடுக்கும் முறைக்கு வருவோம். ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள், அது முன்னும் பின்னும் தேடி முடிப்பதற்குள் பூச்சி போய்விடும். எவ்வளவு பெரிதாக வேண்டுமோ அதற்கேற்ப ஃபோகஸ் வளையத்தை ஓர் இடத்தில் நிறுத்தி, அதைத் தொடாமல், உடலை முன்னால் மெல்லச் சாய்த்துக்கொண்டே போங்கள். கண் கூர்மையாகும் அந்த நொடியில் பொத்தானை அழுத்துங்கள். பூச்சி ஒரு தண்டில் இருந்தால், அந்தத் தண்டை இடக்கை விரல்களால் மெல்லப் பிடித்து, லென்ஸை அதே கையின் மணிக்கட்டில் சாய்த்துக்கொள்ளுங்கள். இப்போது பூச்சியும் லென்ஸும் ஒரே கையில் நிற்கின்றன. இரண்டும் ஆடினால் சேர்ந்தே ஆடும். இந்த ஒரு பழக்கம் என் படங்களில் தேறுபவற்றின் எண்ணிக்கையைக் கூட்டியது போல வேறெதுவும் கூட்டவில்லை. ட்ரைபாட் வீட்டுக்குள் நாணயமும் உப்புக் கல்லும் எடுக்க உதவும். வெளியில் அதன் மூன்று கால்களை விரிப்பதற்குள் புல்லெல்லாம் ஆடி, எல்லாரும் பறந்துவிடுவார்கள்.

இருபது எடுத்தால் ஒன்று தேறும். அதைப் பார்த்து மனம் உடைய வேண்டாம், எனக்கும் அப்படித்தான்.

புல ஆழம் குறைவு என்பதால் அதை வீணாக்காமல் பயன்படுத்துங்கள். அது தாள் போல ஒரு மெல்லிய தளம், சென்சாருக்கு இணையாக நிற்பது. சிறகு மூடி உட்கார்ந்த பட்டாம்பூச்சியைச் சரியாகப் பக்கவாட்டில் எடுத்தால் சிறகு முழுவதும் அந்தத் தளத்துக்குள் விழும். பத்து டிகிரி சாய்ந்தால் பாதிச் சிறகு போய்விடும். முகத்தை எடுக்கும்போது கண் மட்டும் தளத்தில் இருந்தால் போதும், மற்றது கரையட்டும். அதன் கண் மட்டத்துக்கு இறங்குங்கள். நின்றபடி மேலிருந்து எடுத்த பூச்சிப் படம் எல்லாமே பாடநூல் படம் போலத்தான் இருக்கும்.

பின்னணி கறுப்பாகிவிடுகிறதே என்று அடுத்த வாரம் கேட்பீர்கள். ஒளி தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதுதான் காரணம். பூச்சி டிஃப்யூசரிலிருந்து 10 செ.மீ. தள்ளியும் பின்னால் உள்ள செடி 1 மீட்டர் தள்ளியும் இருந்தால், செடிக்குக் கிடைப்பது நூறில் ஒரு பங்கு. பூச்சிக்குப் பின்னால் ஒரு சாண் தொலைவுக்குள் ஏதாவது ஓர் இலை வருமாறு கோணத்தை மாற்றுங்கள். எதுவும் இல்லையென்றால் உதிர்ந்த இலை ஒன்றைப் பின்னால் பிடிக்கச் சொல்ல ஓர் ஆள் இருந்தால் நல்லது.

பெரும்பாலான பூச்சிகளுக்கு உடல் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். அதனால் விடியற்காலையில் அவை குளிரில் விறைத்து, பனித்துளி போர்த்தி, அசையாமல் இருக்கும். வெயில் ஏறியதும் ஆட்டம் தொடங்கிவிடும். இரையைக் கவ்விய கொள்ளை ஈயும் சுலபத்தில் இடத்தைவிட்டு நகராது. ஓடிக்கொண்டே இருக்கும் எறும்புக்குச் சர்க்கரைக் கரைசலில் ஒரு சொட்டு வைத்தால் அது நின்று குடிக்கும்வரை நேரம் கிடைக்கும். நெருங்கும்போது உங்கள் நிழல் அவற்றின் மேல் சட்டென்று விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; வெயிலை மறைக்க நிழல் கொடுப்பதானாலும் மெல்லக் கொடுங்கள். பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து எடுப்பவர்களும், செத்ததைப் பசை தடவி நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள். கால்கள் மடங்கியிருக்கும் விதத்திலேயே அது தெரிந்துவிடும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

பல படங்களை ஃபோகஸ் சிறிது சிறிதாக நகர்த்தி எடுத்து ஹெலிகான் ஃபோகஸ், ஸெரீன் ஸ்டேக்கர் போன்ற மென்பொருளில் ஒன்றாக்கும் ஸ்டேக்கிங் முறை உங்கள் காதில் விழுந்திருக்கும். இங்கிலாந்துப் புகைப்படக்காரர் லெவன் பிஸ், அருங்காட்சியகப் பூச்சிகளை அப்படித்தான் எடுத்தார். ஒரு பூச்சிக்கு 8,000-க்கும் மேற்பட்ட படங்கள். ஒற்றைப் படத்தில் கண்ணைச் சரியாகப் பிடிக்கக் கை பழகிய பிறகு அதைத் தொடலாம்.

மேக்ரோ லென்ஸ் எப்போது? டியூபில் உங்கள் லென்ஸின் முனைக்கும் பூச்சிக்கும் நடுவே ஆறேழு சென்டிமீட்டர்தான் இருக்கும். தும்பி அதைப் பொறுக்காது. 90 முதல் 105 மி.மீ. வரையான மேக்ரோ லென்ஸ் 1:1-இல் ஏறக்குறைய 13 முதல் 15 செ.மீ. தள்ளி நிற்கவிடும். தொலைவிலிருந்து 1:1 வரை டியூப் மாற்றாமல் வரவும் முடியும். வெளியில் டியூப் மாற்றி மாற்றி சென்சாரில் தூசு சேர்ந்து சலிப்பு வரும் நாளில் வாங்குங்கள். அப்போது எந்த நீளம் வேண்டும் என்பதும் உங்களுக்கே தெரிந்திருக்கும். நிக்கான் லென்ஸில் “மைக்ரோ” என்று எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம், அதுவும் மேக்ரோதான். 1956-இல் வந்த அவர்களுடைய முதல் மைக்ரோ லென்ஸ் பூச்சிக்காகச் செய்யப்பட்டதே இல்லை. கோடுகள் நெருங்கிய ஜப்பானியக் காஞ்சி எழுத்துகளை மைக்ரோஃபிலிமில் சிதையாமல் பதிக்கச் செய்தது.

வாங்கும்போது டிஃப்யூசரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். லென்ஸ் நீளமாக இருக்கும் என்பதால் தாளை மட்டும் நாலு விரல் நீட்டி வெட்ட வேண்டியிருக்கும்.